தொப்பைக்கு அறிவுரை, பாக்கெட்டுக்குச் சலுகை

நம்மூரில் உடல் பருமனை முதலில் கண்டுபிடிப்பவர் டாக்டர் இல்லை, தையல்காரர். ஜூன் மாதம் யூனிஃபார்முக்கு அளவெடுக்கும்போதே, "தம்பிக்கு இடுப்பு நாலு இஞ்ச் கூடியிருக்கு, உள்ளே துணி விட்டுத் தைச்சிடறேன்" என்கிறார். நோயறிதலும் சிகிச்சையும் ஒரே இடத்தில்; டோக்கன்கூட வேண்டாம். அவர் கையில் இருக்கும் அளவு நாடாவை மருத்துவமனையில் பார்ப்பதுதான் அபூர்வம். சர்க்கரை ஏறி, பிரஷர் ஏறி, மூட்டு தேய்ந்து போய் நின்றால், "வெயிட்டைக் குறைங்க" என்று சீட்டின் ஓரத்தில் எழுதித் தருவார்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் இடுப்பு தாண்டினால் நம் உடல்வாகுக்கு ஆபத்து என்ற கணக்கு வந்து வருடங்கள் ஆகின்றன. என்ன செய்ய, டெண்டர் விட்டுச் சம்பாதிக்க முடியாத அளவுக்கு மலிவான சாமான் அந்த நாடா.

2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 31 பேர் எடை மிகுந்தவர்கள். 2019-21இல் 40 பேர். ஆண்களில் 37. நாமோ "பூசினாப்ல இருக்கா" என்று திருஷ்டி சுற்றிப் போடுகிறோம்.

அரசு சும்மா இருக்கிறது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2025 பிப்ரவரியில், சமையல் எண்ணெயைப் பத்து சதவீதம் குறையுங்கள் என்று பிரதமர் வானொலியில் கேட்டுக்கொண்டார். அதற்கு முந்தைய மாதம்தான் பொருளாதார ஆய்வறிக்கை, அதீதமாகப் பதப்படுத்திய உணவுகளுக்குக் கூடுதல் வரி போடலாம் என்று யோசனை சொல்லியிருந்தது. யோசித்தார்கள். செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீமுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5. நூடுல்ஸுக்கும் பாக்கெட் மிக்சருக்கும் 12-லிருந்து 5. (குளிர்பானம் மட்டும் 40-லேயே நிற்கிறது, அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.) அதே நாளில் ஜிம்முக்கும் 18-லிருந்து 5! தின்னவும் சலுகை, தின்றதைக் கரைக்கவும் சலுகை.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி எழுதியாகிவிட்டது. மணி அடித்ததும் எந்தப் பள்ளி வாசலிலாவது போய் நில்லுங்கள். ஐந்து ரூபாய்ப் பாக்கெட் சரங்கள் தோரணமாகத் தொங்கும். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கி, திருப்பித் தராமலே வருடத்தை ஓட்டியிருப்பார். குண்டான பையனைக் கூப்பிட்டு "ஓடுடா" என்று அதட்ட மட்டும் எல்லாருக்கும் உரிமை உண்டு.

பாக்கெட்டின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைச் சிலி நாடு 2016-லேயே ஒட்ட வைத்தது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 வரைவில் சினிமா விமர்சனம் மாதிரி நட்சத்திரம் கொடுக்கப் பார்த்தது: எவ்வளவு கேடுகெட்ட தீனிக்கும் குறைந்தபட்சம் அரை நட்சத்திரம். இதை முடிவு செய்ய 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு வைத்தது. கெடு நீண்டது. இதற்கிடையில், அலுவலகங்களில் தின்பண்டங்களின் எண்ணெய், சர்க்கரை அளவைப் பலகையில் எழுதி மாட்டச் சொன்னது சுகாதார அமைச்சகம். சமோசாவுக்கு எச்சரிக்கையா என்று கூச்சல் கிளம்பியதும், எந்தப் பண்டத்தின் மேலும் லேபிள் ஒட்டச் சொல்லவில்லை என்று பதறி விளக்கம் கொடுத்தது. சமோசா கிடக்கட்டும் ஐயா, பாக்கெட்டின் மேலாவது ஒட்டச் சொல்லித் தொலையுங்களேன்!