101-க்கும் 101.9-க்கும் இடையில்

கேரள எல்லையோரத்து வெள்ளறடையில் பழைய டிரான்சிஸ்டர் ஒன்று வைத்திருப்பவருக்கு மாநில எல்லையைத் தாண்ட பஸ் டிக்கெட் வேண்டாம், பெருவிரல் போதும். நாகர்கோவில் வானொலி 101.0-இல் இருக்கிறது, திருவனந்தபுரத்துப் பண்பலை 101.9-இல். முள் ஓடும் அந்தக் கண்ணாடிப் பட்டையில் இரண்டுக்கும் நடுவே ஒரு பச்சரிசி வைக்கத்தான் இடம் உண்டு. விரல் கொஞ்சம் முரட்டுத்தனம் காட்டினால் தமிழில் தொடங்கிய பாட்டு மலையாளத்தில் முடியும். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு வட்டத்தைச் சென்னை மாநிலத்துக்குக் கொடுத்து, நெய்யாற்றின்கரையைக் கேரளத்தோடு நிறுத்தியவர்கள் கல் நட்டார்கள், செக்போஸ்ட் வைத்தார்கள். காற்றை அளக்க மட்டும் சர்வேயர் யாரும் வரவில்லை.

ஒரு வானொலி நிலையம் தன் பாணியை மாற்றிக்கொண்டால் மற்ற ஊர்க்காரர்கள் கடுதாசி எழுதுவார்கள், கையெழுத்து வாங்குவார்கள். வெள்ளறடைக்காரர் திருகைத் தொடுவார்.

இந்தப் பழக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே அரசாங்கம்தான். திருவிதாங்கூர் மகாராஜா 1943 மார்ச் 12-இல் தொடங்கிவைத்த திருவனந்தபுரம் வானொலி, 1950 ஏப்ரலில் அகில இந்திய வானொலியின் கைக்குப் போனது. ராஜா போய் டெல்லி வந்ததில் நேயருக்குப் பெரிய வருத்தம் இருந்திருக்காது. வருத்தம் 1952-இல் வந்தது. தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்கள் ரசனையைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டி, வானொலியில் அதை ஒடுக்கிவிட்டு செவ்வியல் இசையைப் பெருக்கினார். மக்கள் கேஸ்கரோடு வாதாடவில்லை. முள்ளைக் கொழும்புக்கு நகர்த்தினார்கள். இலங்கை வானொலி சினிமாப் பாட்டை வஞ்சனையில்லாமல் போட்டது. விளம்பரத்தில் காசும் பார்த்தது. அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனனும், பின்னால் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் தென்கோடி வீடுகளுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆனார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க முகவரி இல்லாதது ஒன்றுதான் குறை. டெல்லி ஐந்து வருஷம் யோசித்து, 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதியைத் தொடங்கி, துரத்திய பாட்டையே திரும்ப அழைத்து உட்காரவைத்தது.

செய்தி விஷயத்தில் எல்லைக்காரருக்கு அந்நாளில் இரட்டைச் சாப்பாடு. டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி காலை 7.15-க்கு வந்தது, மலையாளச் செய்தி 7.25-க்கு. தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரல் ஓய்ந்ததும் திருகை நகர்த்தினால் அதே செய்தி மலையாளத்தில் வரும். ஆகவே இந்தியாவில் எந்த மந்திரிசபை கவிழ்ந்தாலும் வெள்ளறடையில் அது பத்து நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை கவிழ்ந்தது.

பிறகு, பெரிய ஊர்களின் குரலே எதற்கு, உள்ளூருக்கென்று ஒரு நிலையம் வைத்தால் என்ன என்ற யோசனை வந்தது. அதற்குச் சோதனைக் களமாக வாய்த்தது நாகர்கோவில். நாட்டின் முதல் உள்ளூர் வானொலி அங்கேதான் 1984 அக்டோபர் 30-இல் தொடங்கியது. மறுநாள் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். நாடெங்கும் வானொலியில் சோக இசை. உள்ளூர்க் குரலுக்கென்றே பிறந்த நிலையம், பிறந்த மறுநாளே டெல்லிச் செய்திக்குக் காதைக் கொடுக்க வேண்டியிருந்தது. அத்தனை பொல்லாத ஜாதகம் அமைந்தும் அது நிலைத்துவிட்டது.

திருவனந்தபுரம் பதிலுக்கு 2005 நவம்பர் 1-இல், கேரளப் பிறவி நாளாகப் பார்த்து, 101.9-இல் அனந்தபுரி எஃப்.எம்.-ஐ இறக்கியது. பஸ்ஸிலும் முடிவெட்டும் கடையிலும் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையிலும் அது ஓடியது. பின்னாலேயே தனியார் படை வந்தது: பிக் 92.7, எஸ் எஃப்.எம். 93.5, கிளப் 94.3, மிர்ச்சி 98.3. இதில் எஸ் எஃப்.எம். சென்னை சன் குழுமத்தின் பிள்ளை. மலையாளம் பேசிப் பிழைத்தது, சில ஆண்டுகளில் ரெட் எஃப்.எம். என்று பெயரை மாற்றிக்கொண்டது. தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது என்பது சட்டம். மிஞ்சியது பாட்டு, விளம்பரம், காரணமில்லாத சிரிப்பு. ஆக, ஒரு படம் ஓடினால் நான்கு இடத்திலும் அந்தப் படத்தின் பாட்டே ஓடியது. திருகுகிற விரலுக்குத்தான் வெட்டி வேலை.

இதற்குள் பெட்டி போய் செல்போன் வந்துவிட்டது. போனில் எஃப்.எம். கேட்க இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா. பண்பலை அலையோ பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகிற ஜாதி. நடுவே குன்று நின்றால் திணறும். வெள்ளறடைப் பக்கம் குன்றுக்குப் பஞ்சமே இல்லை, தெக்கன் குருசுமலையே அங்கேதான் நிற்கிறது. ரப்பர்த் தோட்டத்துச் சரிவில் பால் வெட்டுகிறவர் ஒரு மரத்தில் தெளிவாகக் கேட்ட பாட்டு அடுத்த மரத்தில் கரகரக்கும். ஒயரைத் தோளில் போட்டால் ஒரு மாதிரி, கழுத்தைச் சுற்றினால் வேறு மாதிரி. நிலையத்தார் கூட்டம் கூடி எடுக்கிற முடிவுகளை இவர் கழுத்தே எடுத்துக்கொண்டிருந்தது.

2022-இல் பிரசார் பாரதி அனந்தபுரி என்ற பெயரைக் கழற்றிவிட்டு, அலைவரிசையை விவித பாரதி வரிசைக்குள் கொண்டுபோனது. கேரளத்தில் நேயர்கள் கொதித்தார்கள். அரசு வானொலிக்காக மக்கள் சண்டைபோடுவது லேசில் நடக்கிற காரியமல்ல. பதினேழு வருஷப் பழக்கம் அப்படிப் பேசவைத்தது. அடுத்த வருஷம் மே மாதத்தில் இன்னொரு உத்தரவு: இனி ஆல் இந்தியா ரேடியோ என்று சொல்லக் கூடாது, ஆகாசவாணி என்றே சொல்ல வேண்டும். இப்போது கொதித்தது தமிழ்நாடு. மலையாளச் செய்தியோ பல காலமாகவே ஆகாசவாணி என்றுதான் தொடங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பொங்குவதற்கு ஒன்றுமில்லை. இரண்டு மாநிலத்துக் கோபத்திலும் பங்குள்ள ஓர் எல்லைக்காரர் எந்தக் கோபத்தை எப்போது படுவது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? டீக்கடையில் யாராவது இந்த உத்தரவுகளைப் படித்துக் காட்டியிருந்தால் அவர் கேட்டிருக்கக்கூடியது இதுதான்:

"அது கெடக்கட்டும் மக்கா, ஷீட்டுக்கும் ஒட்டுபாலுக்கும் இன்னைக்கு என்ன வெலைன்னு சொன்னானா?"