ஜெபக் குறிப்பு

எங்கள் வீட்டில் யாரையாவது திட்ட வேண்டுமானால் முதலில் முழங்கால் போட வேண்டும்.

பாளையங்கோட்டைப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். பகலில் குரலை உயர்த்த முடியாது; தெருவுக்குக் கேட்கும். தெருவில் பாதிப் பேர் சபையார், மீதிப் பேர் சபையாரின் சொந்தக்காரர். ஆகவே சொல்ல வேண்டியதையெல்லாம் ராத்திரி ஒன்பது மணி குடும்ப ஜெபம் வரைக்கும் அடக்கி வைத்திருந்து, கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்வார்கள். ஆண்டவருக்கு அது முன்னமே தெரியும். தெரிய வேண்டிய ஆள் பக்கத்துப் பாயில் முழங்காலில் இருப்பார்.

இந்தக் கலையில் என் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. நான் கல்லூரியில் படித்த காலம். "அன்பின் பரலோகப் பிதாவே, பின்வாசல் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் திறக்கிற ஞானத்தை இந்த வீட்டிலே ஒரு பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறீர், ஸ்தோத்திரம். அந்த ஞானத்திலே கொஞ்சத்தைக் கணக்குப் பாடத்துக்கும் திருப்பிவிடும்" என்பாள். இதற்குப் பதில் பேச வழியில்லை. ஜெபத்தில் குறுக்கிடக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. வாயைத் திறந்து சொல்ல அனுமதி உள்ள ஒரே வார்த்தை ஆமென். சொன்னால் ஒப்புதல் வாக்குமூலம். சொல்லாவிட்டால் பிள்ளை பின்மாற்றத்தில் போய்விட்டான் என்று மறுநாள் இன்னொரு ஜெபம்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடந்த பெரிய வாக்குவாதங்கள் எல்லாமே இப்படித்தான். அப்பா புது ஸ்கூட்டர் வாங்க ஆசைப்பட்டார். வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லையே, அந்தப் பாரத்தை உம்முடைய பாதத்தில் வைக்கிறோம் என்று அம்மா ஜெபித்தாள். கடைசி ஜெபம் குடும்பத் தலைவருடையது. தினமும் பஸ்ஸில் நசுங்கிப் போய் வருகிற ஏழை ஊழியர்களை நினைத்தருளும் என்று அப்பா முடித்தார். அதன்பின் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். கடனை மன்னிக்கிற இடம் வரும்போது இரண்டு குரலும் சற்றே இறங்கும். ஸ்கூட்டர் அந்த வருஷம் வரவில்லை.

வேதத்தில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. லூக்கா 18-ல் தேவாலயத்துக்கு ஜெபிக்கப் போன பரிசேயன், தள்ளி நின்ற ஆயக்காரனைக் குத்திக்காட்டித்தான் ஜெபிக்கிறான். அந்த உவமையில் நீதிமானாகத் திரும்பிப் போனது யார் என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஓய்வுநாள் பள்ளியில் பல வருஷம் அதையே சொல்லிக் கொடுத்தவள். கேட்டால், "அவன் பெருமைக்குச் சொன்னான், நான் கவலையிலே சொல்லுதேன்" என்பாள். வேத வியாக்கியானத்தில் அவளோடு மோதி ஜெயித்தவர் இல்லை, எங்கள் சபை ஐயர் உட்பட.

ஜெபத்துக்கு முன் வேத வாசிப்பு. வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்று என்று போனால் முடிக்க மூன்று வருஷமும் மூன்று மாதமும் பிடிக்கும். இந்தக் கணக்கை நான் சின்ன வயதிலேயே போட்டுவிட்டேன். கணக்குப் பாடத்துக்கு ஞானம் திரும்பிய ஒரே சந்தர்ப்பம் அது. 117-ஆம் சங்கீதம் இரண்டே வசனம். அன்றைக்கு வீட்டில் பண்டிகை. மறுநாள் 118 என்று சமாதானமாகப் படுப்போம். அதற்கும் மறுநாள் 119. நூற்று எழுபத்தாறு வசனம். எபிரெய எழுத்து வரிசைப்படி எட்டெட்டாகப் பிரித்து எழுதியது என்று அப்பா விளக்குவார். பிரித்துத்தானே இருக்கிறது, பிரித்தே வாசிக்கலாமே என்று தம்பி கேட்டதற்கு அன்றைய ஜெபத்தில் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. துரோவாவில் பவுல் நடுராத்திரி வரை பிரசங்கித்தபோது ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். நாங்கள் பாயில் உட்கார்ந்து தூங்கியதால் சேதம் குறைவு.

ஆச்சி இருந்தவரை திட்டுகூட மரியாதையாக இருந்தது. அவள் பேசியது 1871-ல் வெளிவந்த வேதாகமத்தின், பழைய திருப்புதலின் தமிழ். "கர்த்தாவே, இந்தப் பேதையின் இருதயத்தைக் குத்துண்ணப் பண்ணும்" என்று அவள் என்னைப் பற்றிச் சொல்லும்போது, பழைய ஏற்பாட்டில் ஒரு சின்ன ராஜாவாக எனக்கும் இடம் கிடைத்தது போலிருக்கும். 1995-ல் பொது மொழிபெயர்ப்பு வந்ததும் அப்பா ஆர்வமாக ஒன்று வாங்கி வந்தார். நல்ல, தெளிவான தமிழ். வீட்டுப் பெண்கள் தொடவில்லை. எல்லாம் புரிந்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பயம் போய்விடும் என்றாள் ஆச்சி.

சித்தி பெந்தெகொஸ்தே சபைக்கு மாறியபோது நிலைமை வேறாயிற்று. நாங்கள் முனகியே பழகியவர்கள். அல்லேலூயாவைக் கூடப் புத்தகத்தில் இருந்தால்தான் சொல்வோம். சித்தி வந்தால் கூரை அதிரும். பெயர் சொல்லி ஜெபிப்பாள், அதுதான் சிக்கல். அம்மா 'ஒரு பிள்ளை' என்று நிறுத்துகிற இடத்தில் சித்தி பெயர், இன்ஷியல், வாங்கிய மார்க் எல்லாம் சொல்வாள். எதிர்வீட்டுக்காரர் மறுநாள் என்னிடம், "சப்ளிமெண்டரி எப்ப தம்பி?" என்று அன்போடு விசாரித்தார்.

எங்கள் ஆட்கள் புறம் பேச மாட்டார்கள். ஜெபக் குறிப்புதான் கொடுப்பார்கள். "ஜெபிக்கிறதுக்காகத்தான் சொல்லுதேன், வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். மேலத்தெருவில் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஏன் திரும்பி வரவில்லை, துபாயில் இருந்து வந்த மருமகன் ஏன் திரும்பிப் போகவில்லை, எல்லாம் ஜெபத்துக்குத்தான். முன்பு இது ஒரு தெருவைத் தாண்ட ஒரு நாள் ஆகும். வாட்ஸாப் வந்தபின், விஷயம் நடக்கும் முன்பே கூப்பிய கை பொம்மைகள் வரிசையாக வந்து விழுகின்றன.

2020-ல் ஊரடங்கு வந்து கோயில்கள் பூட்டப்பட்டபோது குடும்ப ஜெபமும் ஜூமுக்குப் போனது. தோகா, டொராண்டோ, தூத்துக்குடி எல்லாம் ஒரே திரையில். காசு கட்டாத கணக்குக்கு நாற்பது நிமிஷம்தான். தூத்துக்குடி மாமா ஆதாமில் ஆரம்பித்து மோசேக்கு வரும்போது துண்டித்துவிடும். இஸ்ரவேலர் கானானுக்குப் போய்ச் சேரவே இல்லை. இளையவர்கள் எல்லாரும் காசு கட்ட வசதியுள்ளவர்கள், ஒருவரும் கட்டவில்லை. மாமாவுக்கும் அதில் வருத்தமில்லை. ஒரு நாள் நாற்பது நிமிஷமும் தன் சத்தத்தை நிறுத்திவைத்தபடியே பேசினார் என்பது மூன்றாம் வாரம்தான் தெரிந்தது. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அப்படி ஜெபித்த அன்னாளைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று நினைத்தார் ஆசாரியன் ஏலி. மாமாவை யாரும் தப்பாக நினைக்கவில்லை. அன்றைய ஜெபம் நன்றாயிருந்தது என்று தோகாவிலிருந்து பாராட்டுகூட வந்தது.

இப்போது என் பிள்ளைகள் காலம். மகனுக்கு வேதாகமம் போனில். ஒரு நாள் லேவியராகமத்தில் பலிபீடத்தின் மேல் கொழுப்பைத் தகனித்துக்கொண்டிருந்த கட்டத்தில் "ஆமென்!" என்று கத்தினான். எண்பதைத் தாண்டிய என் அம்மா, பேரனுக்கு வசனத்தின் மேல் இத்தனை பாரமா என்று கண் கலங்கினாள். சென்னை அணி கடைசிப் பந்தில் ஜெயித்திருந்தது. நான் காட்டிக்கொடுக்கவில்லை. ஸ்கோர் எனக்கும் வேண்டியிருந்தது.

மகள் பெங்களூரில் விடுதியில் இருக்கிறாள். வீடியோவில் ஜெபத்தில் சேர்ந்துகொள்வாள். அம்மாவின் ரத்தம் ஒரு தலைமுறை தாண்டி அவளிடம்தான் போயிருக்கிறது. போன வாரம் அவள் முறை. "அன்பின் பிதாவே, அப்பாவோட கையின் பிரயாசத்தை ஆசீர்வதியும். அவங்க முட்டு வலியைக் குணமாக்கும். கோவா டூருக்குப் பணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமைன்னு உமக்குத் தெரியும். யாரோட மனசு அசையணுமோ அதை அசையப் பண்ணும்."

எல்லாரும் ஆமென் என்றார்கள். என் அம்மாவின் ஆமென்தான் பெரிதாகக் கேட்டது. முட்டு வலியை நினைத்துக்கொண்டு நானும் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது மனைவி என் போனை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமென் சொல்லிட்டியள்லா, பொறவு என்ன? ஜீபேல போட்டு விடுங்க."