பில் வந்தால் வேகும்!

ஞாயிறு பதினொன்றரை மணிக்கு கான் மார்க்கெட்டில் 'பிரஞ்ச்' சாப்பிடலாம் என்று மருமகள் கூப்பிடுகிறாள். நம்பிப் போகலாமா?
— ஒரு மாமனார், கரோல் பாக், புது தில்லி

தாராளமாக! ஏழு மணிக்கே வீட்டில் நாலு இட்லியை உள்ளே தள்ளிவிட்டுப் போங்கள். அங்கே ரொட்டியின் மேல் வெண்ணெய்ப்பழத்தை மசித்துத் தடவி, அதன் தலையில் பாதி வெந்த முட்டையை உட்காரவைத்துக் கொடுப்பார்கள். பில் வந்ததும் முழுசாக வேகப்போவது நீங்கள்தான்.

பிரிவினையில் வீடிழந்து எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்தவர்கள் பிழைக்கட்டும் என்று 1951-ல் ஏற்பட்ட கடைவீதி அது. பெயரில் இருக்கும் 'கான்', எல்லை காந்தியின் அண்ணன் டாக்டர் கான் சாகிப். கீழே கடை, மேலே குடித்தனம் என்று இருந்தார்கள். அந்த மாடிகள் பலவற்றில்தான் இப்போது மேசைக்குக் காத்திருக்கிறார்கள்.