இலையுதிராத ஊரில் பழ கேக்

கே: இலையுதிர்காலமே இல்லாத சிங்கப்பூரில் இலையுதிர்காலப் பழ கேக் சரிவருமா? நான் சுட்டால் பழமெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறதே?
- வாசகி, புக்கிட் மேரா

ப: தாராளமாக வரும்! மரம் உதிர்க்காவிட்டால் என்ன, முஸ்தபா கடையில் முந்திரியும் திராட்சையும் பேரீச்சையும் வருடம் முழுக்கக் குவிந்து கிடக்கின்றனவே. கேரளத்துத் தலசேரியில் பேக்கரிக்காரர் மாம்பள்ளி பாபு 1883இல் கிறிஸ்துமஸ் கேக் சுட்டபோது, பிராந்திக்குப் பதில் உள்ளூர்ச் சாராயத்தைத்தான் ஊற்றினாராம். அங்கு மட்டும் ஏது இலையுதிர்காலம்?

பழம் அமிழ்வது மாவு நீர்த்துப்போவதால். நம் வெக்கையில் வெண்ணெய் சீக்கிரம் இளகிவிடும். அழுத்தினால் விரல் பதியவேண்டும், எண்ணெயாய்ப் பளபளக்கக் கூடாது. ஊறிய பழத்தை ஈரம்போகத் துடைத்து, ஒரு கரண்டி மைதாவில் புரட்டிப் போடுங்கள். 150 டிகிரியில் நிதானமாக வேகட்டும். சுட்டதும் கத்தியைத் தேடாதீர்கள். மறுநாள்தான் ருசி கூடும்.