வேப்பிலையும் ஸ்டிக்கரும்

தமிழ்நாட்டில் நின்று டீ குடித்துவிட்டு, கேரளாவில் போய்க் கிளாஸ் கழுவலாம் என்று போடிமெட்டுக்காரர்கள் வெளியூர் ஆட்களிடம் அளப்பதுண்டு. பாதி நிஜம். முந்தலில் இருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறியதும் தேனி மாவட்டம் முடியும். மூச்சு வாங்கி நிமிர்ந்தால் இடுக்கி மாவட்டம். நடுவில் ஒரு தடுப்புக் கம்பு. அது லாரிக்காரர்களின் கவலை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். அக்காவைக் கட்டிக்கொடுத்தது பூப்பாறையில். அம்மா கூலிக்குப் போனது சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்கு. தீபாவளிக்குத் துணி எடுப்பது போடியில், பல் பிடுங்குவது அந்தப் பக்கத்து டாக்டரிடம். மாநிலம் மாறிவிட்டதென்று எங்களுக்குச் சொல்வது செல்போன் மட்டும்தான்.

நோய் விஷயத்திலும் எங்கள் ஆட்களுக்கு அனுபவம் குறைவில்லை. மலைக்குக் கீழே இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் பிளேக் விட்டுவிட்டு வந்துபோன பூமி. ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அங்கே எலியும் தெள்ளுப்பூச்சியுமாகக் கிடந்து, 1934இல் ஓர் ஆய்வே வெளியிட்டார்கள். எங்கள் அப்பத்தா அதைப் படித்தவள் இல்லை. எலி செத்து விழுந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு தோட்டத்துக் குடிசைக்குப் போய்விட வேண்டும் என்பது மட்டும் அவள் அம்மா சொல்லி அவளுக்குத் தெரியும். அந்த ஆய்வு எத்தனை பேரைக் காப்பாற்றியதோ, இந்த ஒரு வாக்கியம் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது என்பாள்.

எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டது. அப்பத்தா வாசலில் வேப்பிலையைச் செருகினாள். அவ்வளவுதான், ஊர் முழுக்க அறிவிப்பு முடிந்தது. வெளியாள் உள்ளே வரக்கூடாது, வீட்டில் தாளிக்கக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரும் நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது. அம்மாவுக்கு வேலை நின்றது, கூலி நின்றது. கஞ்சி மட்டும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு மதினி காலையில் தூக்குச்சட்டியைத் திண்ணையில் வைப்பாள், நாலு எட்டு தள்ளிப்போய் நின்றுகொண்டு, "அத்தே, பிள்ளைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பாள். வேப்பிலை இரண்டு விஷயம் சொல்லும்: உள்ளே வராதே, கொண்டுவந்ததை வாசலில் வைத்துவிட்டுப் போ.

2020இல் கொரோனா வந்தபோது, வேப்பிலைக்குப் பதிலாகக் கதவில் ஒட்டும் ஸ்டிக்கர் வந்தது. அது ஒரு விஷயம்தான் சொல்லும்.

ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் தொற்று திருச்சூரில். மார்ச் 7 அன்று தமிழ்நாட்டில் முதல் ஆள். அதுவரை மாமன் மச்சானாக இருந்தவர்கள் நோயாளி எண்ணிக்கையை வைத்து ஒருவரையொருவர் அளக்கத் தொடங்கினார்கள். முதலில் நாங்கள் அவர்களைக் கண்டு மூக்கைப் பொத்தினோம். சில வாரத்தில் சென்னைக் கணக்கு ஏறியதும், அவர்கள் எங்களைக் கண்டு பொத்தினார்கள். சென்னைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது. திருச்சூருக்கும் பூப்பாறைக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் மட்டும் யோசித்தோமா என்ன?

சிரிக்க முடியாத ஒன்றும் அந்த மார்ச்சில் நடந்தது. பஸ் நின்று, எல்லையில் கெடுபிடி ஏறியதால், போடி பக்கத்து இராசிங்காபுரத்தைச் சேர்ந்த ஏலத்தோட்டக் கூலிகள் சிலர் காட்டுப்பாதையில் ஊருக்கு இறங்கினார்கள். மார்ச் 24 அன்று வழியில் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. ஒரு கைக்குழந்தையோடு சேர்த்து நான்கு உயிர் போனது. எல்லோரும் வீட்டிலேயே இருங்கள் என்று பிரதமர் நாட்டுக்குச் சொன்னது அன்று இரவு எட்டு மணிக்கு. இவர்களும் வீட்டுக்குப் போகத்தான் கிளம்பினார்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேற்றக்காரர்கள் 23 பேர் இறந்தபோது இந்த மலையை நாடே திரும்பிப் பார்த்தது. கூலிகள் இறங்கிய பாதையைப் பார்க்க அந்த இரவில் யாருக்கும் நேரமில்லை.

பிறகு பாஸ் வந்தது. எல்லை தாண்ட கேரளாவுக்கு ஒரு வலைத்தளம், எங்களுக்கு ஒரு வலைத்தளம். விண்ணப்பிக்க செல்போனில் டவர் வேண்டும், டவர் வேண்டுமானால் வளைவுப் பக்கம் ஏற வேண்டும், வளைவுப் பக்கம் போனால் போலீஸ்காரர், "எங்கப்பா பாஸ்?" என்பார். காய்கறி வண்டிக்கு மட்டும் தடை இல்லை. முருங்கைக்காய் எல்லை தாண்டியது, அக்காவைப் பார்க்கப் போகும் தம்பி தாண்டவில்லை. அதனால் நாங்களும் முருங்கைக்காயோடு சேர்ந்துகொண்டோம். அக்கா மாமியாரின் சர்க்கரை மாத்திரை கத்தரிக்காய் மூட்டைக்கு மேலே உட்கார்ந்து பூப்பாறை போனது. திரும்பும் வண்டியில் அக்கா கொடுத்த கப்பைக்கிழங்கு வந்தது. வைத்தியமும் கைமாறியது: இங்கிருந்து கபசுரக் குடிநீர்ப் பொட்டலம் ஏறியது, அங்கிருந்து ஹோமியோ மாத்திரை இறங்கியது. எது வேலை செய்ததென்று யாரும் கேட்கவில்லை. வண்டிக்கார அண்ணனும் ஒரு பைசா கேட்கவில்லை. "மாத்திரைக்கு எடை எவ்வளவு இருக்கும் தம்பி, அதுக்குப் போய் வாடகையா?" என்றார்.

அரசாங்கங்கள் சும்மா இருந்ததாகச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். தமிழ்நாட்டில் அரிசி கார்டுக்கு ஆயிரம் ரூபாய், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை. கேரளாவில் ஊராட்சி தோறும் சமூக அடுக்களை, கார்டுக்கு 17 பொருள் கொண்ட பை. எங்கள் ரோட்டில் எத்தனை வளைவோ அத்தனை பொருள் என்று அக்கா போனில் பெருமை பேசினாள். மறு வருஷம் தமிழ்நாடும் இரண்டு தவணையாக நாலாயிரம் ரூபாயும் 14 பொருளும் கொடுத்தபோது, "இன்னும் மூணு வளைவு பாக்கி இருக்கு" என்றாள். ஆனால் எந்தப் பையும் கார்டு இருக்கும் ஊரில்தான் கிடைக்கும். கூலிக்காரர்களில் பலருக்கு உடம்பு ஒரு மாநிலத்தில், கார்டு இன்னொரு மாநிலத்தில். அப்படிச் சிக்கியவர்களுக்கு எங்கள் மளிகைக்கடை அண்ணாச்சிதான் மூன்றாவது அரசாங்கம். கடன் நோட்டில் பெயர் இருந்தால் போதும், ஆதார் கேட்கமாட்டார்.

2021 ஓணத்துக்குக் கேரள அரசு கொடுத்த பையில் முந்திரி, நெய்யோடு 20 கிராம் ஏலக்காயும் இருந்தது. இடுக்கி விவசாயிகளிடமே வாங்கிய காய். அக்கா பிறந்ததிலிருந்து ஏலக்காய் வாசத்திலேயே வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு காய் எடுத்து எடுத்து விரலில் கறை ஏறியவள். வீட்டுக்கென்று காசு கொடுத்து அவள் ஏலக்காய் வாங்கியதே இல்லை. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் கிலோ ஏழாயிரம் ரூபாய் தொட்டபோதும், ஊரடங்கில் ஏலமே நின்றபோதும், பிறகு விலை தரைதட்டியபோதும் அவள் கூலி அந்த ஏற்ற இறக்கத்தில் கலந்துகொள்ளவில்லை. கடைசியில் காய் அவளிடமே பாக்கெட்டாகத் திரும்பி வந்தது. "நான் எடுத்த காயாத்தான்டா இருக்கும், பழகின வாசனை" என்று சிரித்தாள். பாயசம் வைத்துத் தடுப்புக் கம்புவரை கொண்டுவந்தாள்.

எங்கள் வீட்டுக்கு ஸ்டிக்கர் வந்தது 2020 மழைக்காலத்தில், அம்மாவுக்குப் பாசிட்டிவ் ஆனபோது. சந்திரனுக்குப் போகிறவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு சிலர் இறங்கினார்கள், சந்து முனையில் தகரம் அடித்தார்கள், கதவில் ஒட்டினார்கள், போனார்கள். நேற்றுவரை ஒரே ஜீப்பில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து போனவர்கள், எங்கள் வீட்டுப் பக்கம் வரும்போது எதிர்த் திண்ணையோரமாக நடந்தார்கள். ஒரே ஆள் மட்டும் தகரத்தை உற்றுப் பார்த்திருக்கிறாள். எனக்கு அம்மை போட்டபோது கஞ்சி கொண்டுவந்த அதே மதினி, இப்போது கிழவி. "ஏப்பா, தகரத்துக்கு அடியில ஒரு சாண் சந்து விட்டிருக்காங்க, கவனிச்சியா? தூக்குச்சட்டி போகும்" என்றாள். போனது. அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து எதிர்த் திண்ணை. தகரம் அடித்தவர் அளவெடுக்காமல் அடித்தாரா, மனசோடு அடித்தாரா என்பது இன்றுவரை ஊரில் தீராத வழக்கு. இப்படி ஒட்டத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரில் சொன்னது. அதற்குள் ஸ்டிக்கரை அம்மாவே தேங்காய் நாரால் தேய்த்து எடுத்துவிட்டாள்.

இப்போது எல்லாம் சுபம். 2023 ஜூனிலிருந்து போடிக்குச் சென்னை ரயில் வருகிறது. மூணாறுவரை ரோட்டை அகலமாக்கி, 2024 ஜனவரியில் திறப்பு விழாவும் நடந்தது. போகிற வழியில் சுங்கச்சாவடியும் உண்டு. அன்றைக்குப் பாஸ் இல்லாமல் எறும்பு போகாத இடத்தில், கார்கள் வரிசையாக நிற்கின்றன. இறங்கி, மூடுபனியை முகத்தோடு சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டு, "காற்று என்ன சுத்தம்!" என்கிறார்கள். அதே காற்றுக்குத்தான் நாங்கள் முகக்கவசம் கட்டியிருந்தோம். கைகழுவ வைத்த டிரம்மில் டீக்கடைக்காரர் வாழைக்கன்று வளர்க்கிறார். சமூக இடைவெளிக்கு ரோட்டில் போட்ட வெள்ளை வட்டங்கள் புதுத் தாருக்கு அடியில் போய்விட்டன.

விடியற்காலையில் போடியிலிருந்து ஏறிவரும் ஜீப்புகளில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. அதே பெண்கள், அதே நெருக்கடி, பின்னால் தொற்றிக்கொண்டு அதே இரண்டு பேர். ஒருத்தி இருமினால் பதினைந்து பேருக்கும் குலுங்கும். கூலி பேச்சு வந்தால் அந்தப் பக்க முதலாளியும் இந்தப் பக்கக் கங்காணியும் இப்போதும் ஒரே மொழியில்தான் பேசுகிறார்கள். அதில் எல்லைத் தகராறு வந்ததே இல்லை. அண்ணாச்சியின் ஊரடங்கு நோட்டில் வசூலாகாத பக்கங்கள் நிறைய. கேட்கலாமே என்றால், "கேட்டா கடைக்கு வரமாட்டாக, வராட்டி வியாபாரம் போகும்" என்று கணக்குச் சொல்கிறார். தர்மம் செய்ததாக யாராவது புகழ்ந்துவிடக்கூடாது என்று அவருக்கு அவ்வளவு ஜாக்கிரதை.

அடுத்த கொள்ளைநோய் வந்தால் இரண்டு மாநிலமும் சேர்ந்து குழு அமைப்பார்கள் என்று நம்பலாம். குழுவில் அதிகாரி இருப்பார், டாக்டர் இருப்பார், ஏலக்காய் வியாபாரிகளின் பிரதிநிதி நிச்சயம் இருப்பார். மதினியையோ, அண்ணாச்சியையோ, முருங்கைக்காய் வண்டிக்காரரையோ கூப்பிடமாட்டார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. கூப்பிட்டால் அவர்களும் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் கஞ்சியை யார் கொண்டுவருவது? தகரம் அடிக்க வருகிறவரிடம் மட்டும் ஒரு கோரிக்கை: அந்த ஒரு சாண் சந்தை அடுத்த முறையும் மறக்காமல் விடவும்.