சுற்றுவது தலையா, ஊரா?

கிறுகிறுப்பு என்றால் கடலூரில் முதல் தீர்ப்பு, "பித்தம்". மருந்து, எலுமிச்சம்பழம். அடங்காவிட்டால் பிரஷர், சுகர், கழுத்து எக்ஸ்ரே, மூளை ஸ்கேன். எல்லாம் நார்மல். ஆள் மட்டும் சுவரைப் பிடித்தபடி நிற்கிறார்.

அடுத்த பஸ் சிதம்பரத்துக்கு. ஒற்றைக் காலில் ஆடுபவரிடம், இரண்டு காலில் நிற்க முடியாதவரின் விண்ணப்பம்.

காது கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. உட்காதின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்தாலே போதும், படுக்கையில் புரண்டதும் உலகம் சுழலும். இந்த உறுப்பை ஆராய்ந்த ராபர்ட் பாரானிக்கு 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் ரஷ்யாவில் போர்க்கைதி.

துகளைக் கண்டுபிடிக்க 1952லேயே டிக்ஸ்-ஹால்பைக் சோதனை வந்துவிட்டது. தலையைத் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்தால் கருவிழி துடிக்கும். தேவை ஒரு கட்டில், டாக்டரின் இரண்டு கண்கள். இதில் பில் போட என்ன இருக்கிறது?