மீசை மிஸ்

என் மனைவி எல்.கே.ஜி. டீச்சர். நான் தணிக்கைப் பிரிவில் 28 வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன். "பன்னிரண்டரை மணிக்கு முடிகிற உத்தியோகம், அதுவும் பொம்மையோடு" என்று ஒருநாள் அவளிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ரசத்தில் உப்பு சரியாக விழுவதில்லை.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்தின சாயங்காலம், ஆயாம்மாவிடமிருந்து போன். மகளுக்குப் பிரசவ வலி, நாளைக்கு வர முடியாது. மனைவி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நாளைக்கு உங்களுக்கு லீவுதானே? பொம்மை விளையாட வர்றீங்களா?" நான் பதில் யோசிப்பதற்குள் தாளாளரிடம் அனுமதியும் வாங்கிவிட்டாள்.

ஃபைலைப் படிக்காமல் எந்த வேலையையும் தொட்டு எனக்குப் பழக்கமில்லை. ராத்திரியே உட்கார்ந்து படித்தேன். ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்பவர் 1837இல் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி ஆரம்பித்து, 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தாராம், குழந்தைகள் தோட்டம். மாண்டிசோரி அம்மையாரோ 1939இல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். இதையெல்லாம் மனைவிக்கு விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "கைக்குட்டை எத்தனை எடுத்து வச்சிருக்கீங்க?" என்றாள். ஒன்று என்றேன். சிரித்துக்கொண்டே விளக்கை அணைத்தாள்.

காலை ஒன்பது மணிக்குத் தோட்டம் திறந்தது. ஃப்ரோபெல் சிறு வயதில் காட்டிலாகா வேலை பழகினவர். காட்டை நேரில் பார்த்த மனுஷன் இதற்குப் போய் எப்படித் தோட்டம் என்று பெயர் வைத்தார்?

அழுகை ஒட்டுவாரொட்டி. ஒருவன் ஆரம்பித்தான், அடுத்த பெஞ்சு பிடித்துக்கொண்டது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். தான் மட்டும் அழாமல் இருப்பது தெரிந்ததும், ரேஷன் கடையில் ஏதோ போடுகிறார்களாம் என்று ஓடி வருகிறவள் மாதிரி அவசரமாகச் சேர்ந்துகொண்டாள். முதலில் ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்தி, என் முன்னால் வந்து முகத்தைத் தூக்கி, "மிஸ், மூக்கு" என்றான். துடைத்துவிட்டேன். "தேங்க் யூ மிஸ்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். என் கைக்குட்டையின் சரித்திரம் அத்தோடு முடிந்தது. வாசலுக்கு வெளியே வேப்ப மரத்தின் பின்னால் ஒரு தாத்தா ஒளிந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் வேட்டி நுனி இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

இந்த இரைச்சலை என் மனைவி அடக்கிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். நானாக இருந்தால் மேஜையைத் தட்டியிருப்பேன். அவள் குரலைத் தாழ்த்தி, "உஷ்... மேஜைக்கு அடியில பூனை தூங்குது" என்றாள். 22 பேரும் குனிந்தார்கள். நானும் குனிந்தேன்.

அப்புறம் வருகைப் பதிவு. பெயரைக் கூப்பிட்டால் 'எஸ் மிஸ்' சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். முதல் பெயருக்குப் பதில் வந்ததும் கை தட்டினாள். அதுதான் வினை. அடுத்த பெயரிலிருந்து எல்லாப் பெயருக்கும் எல்லாரும் 'எஸ் மிஸ்'. என் கணக்குப்படி 22 பேர் அன்று 400 தடவைக்கு மேல் ஆஜர். இப்படி ஒரு பதிவேடு என் மேஜைக்கு வந்திருந்தால் மூன்று பேருக்கு மெமோ கொடுத்திருப்பேன்.

ஒரு குழந்தையைப் பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு அவள் வெளியே போனாள். "சும்மா நில்லுங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சும்மா நிற்பது ஒரு தணிக்கைக்காரனால் ஆகிற காரியமா? சுவரில் ஒரு சார்ட் முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கியது. ஆகா, முதல் குறை கிடைத்துவிட்டது என்று அதை நேராகத் திருப்பி மாட்டி, உரக்கப் படித்தேன்: "அ... அம்மா."

வகுப்பு ஒரு விநாடி அமைதியாக இருந்தது. பிறகு 21 பேருக்கும் ஒரே சமயத்தில் அம்மா ஞாபகம் வந்தது.

பதறிப்போய், "ஆ... ஆடு!" என்று கத்தினேன். "எங்க வீட்ல நேத்து சாப்ட்டோம்" என்றான் ஒருவன் அழுகைக்கு நடுவில். இலை, ஈ எல்லாம் தாண்டி உரலுக்கு ஓடினேன். இது என்ன சொல்லுங்கள் பார்ப்போம் என்றதற்கு, "மேளம்" என்றாள் ஒருத்தி. திரும்பி வந்த மனைவி ஒரு வார்த்தை பேசாமல் சார்ட்டை மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பினாள். "முதல் வாரம் யாராவது அம்மா பேச்சை எடுப்பாங்களா?" என்று பிறகு கேட்டாள். அவள் ஆரம்பிப்பது 'ட'வில். நிற்கிற கோடு ஒன்று, படுக்கிற கோடு ஒன்று, வேலை முடிந்தது. ஒருவன் மட்டும் நிற்கிற கோட்டோடு நிறுத்திவிட்டு, "இதுக்குத் தூக்கம் வரல மிஸ்" என்றான்.

என்னைக் கேட்டுக்குக் காவல் போட்டார்கள். பதவி இறக்கம்தான், வாயைத் திறக்கவில்லை. மூக்குத் துடைத்துக்கொண்ட அதே பையன், வளரும் பிள்ளை என்று வீட்டில் இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிப் போட்ட டிரவுசரை ஒரு கையால் பிடித்தபடி வந்தான். மறு கையில் பாதி கடித்த மாரி பிஸ்கட். "மீசை மிஸ், இந்தா. கேட்டைத் திற." சர்வீசில் யாரிடமும் ஒரு காபிகூட வாங்கிக் குடித்தவனில்லை நான். ஆனால் நீட்டிய கையைப் பார்த்தால் மறுக்கத் தோன்றவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். கேட்டைத் திறக்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

சட்டைப் பையில் எறும்பு ஏறியதைத் தவிர விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். மறுநாள் மனைவி வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "என்னங்க, குழந்தைகிட்ட பிஸ்கட் வாங்கிட்டு வேலையை முடிச்சுக் குடுக்கலையாமே? தாளாளர் முன்னாடியே கேக்கறான்" என்றாள்.

சனிக்கிழமை முழு மாரி பாக்கெட் ஒன்றோடு போய் நின்றேன். அவன் வாங்கிப் பிரித்து, ஒரே ஒரு பிஸ்கட்டை எடுத்தான். அதை இரண்டாக உடைத்து, எது சின்னது என்று அளந்து பார்த்து, அதை வாயில் போட்டுக்கொண்டான். மற்றொரு பாதியையும் பாக்கெட்டையும் என்னிடம் நீட்டினான்.

"கேட்டைத் திறக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம், மேஜைக்கு அடியில பூனை இருக்கு" என்று சொல்லிவிட்டு டிரவுசரைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினான்.